பின்னால் கேட்ட குரல்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. கொடியில் போட்ட புடவை பக்கத்து வீட்டு மாடியில். வேப்பந்தட்டை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே.

பத்தாம் வகுப்புக்கு இன்று முதல் ஆடியோ வீட்டுப்பாடம். ஆங்கிலத்தில் ஒரு பத்தியை நான் நிதானமாகப் படித்துப் பதிவு செய்து குழுவில் போடுவது. பிள்ளைகள் அதைக் கேட்டு, தாங்களும் படித்து எனக்குத் தனியாக அனுப்புவது. வகுப்பில் வாய் திறக்காததுகள்கூட போனிடம் பேசும் என்று ஒரு நம்பிக்கை.

இயர்போன் வேண்டும். என் வீட்டுக்காரர் எலக்ட்ரிகல் கடையில் இருக்கிறதா, கேட்க.

என் பதிவை நானே கேட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு பொம்பளை சண்டைக்கு வருவது போல இருக்கிறது. இந்தக் குரலிலா இத்தனை வருஷம் பாடம் நடத்தினேன்?

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடியோக்கள் குவிகின்றன. பாடத்தோடு சேர்த்துக் கேட்டவை: ஆடு, குக்கர் விசில், சீரியல் அழுகை, "டேய் போன வைடா, சார்ஜ் போயிடும்". ஒருவன், நான் நடுவில் இருமியதையும் சேர்த்துப் படித்திருக்கிறான். அதே இடத்தில், அதே மாதிரி. பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சுகன்யா அனுப்பியதுதான் நம்ப முடியவில்லை. கடைசி பெஞ்ச். கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கிற பெண். போனில் தடுமாறாமல், அழகாகப் படிக்கிறாள். நன்றாக இருக்கிறது என்று பதில் ஆடியோ அனுப்பினேன். உடனே "தேங்க்ஸ் மிஸ்".

அரியலூரிலிருந்து மாமியார் போன். கொழுந்தன் குமரேசனுக்கு ஒரு இடம் அமைகிற மாதிரி இருக்கிறதாம். அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆலத்தியூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். எந்த ஊர்ப் பெண் என்றேன். "அமையட்டும் வளரு, சொல்றேன்." சரி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவர் காலையிலேயே கிளம்பிவிட்டார். குரும்பலூரில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் பார்க்க வேண்டுமாம். ஒயரிங் வேலைக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்று கேட்க நினைத்தேன். பால் பொங்கிவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுத்து கோணலாகப் போகிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

சாயங்கால பஸ். பாட்டு அலறியதால் இயர்போனை அழுத்திச் செருகி, சத்தத்தை முழுக்க வைத்து ஆடியோக்கள் கேட்டேன். சுகன்யாவுடையது வந்தது. வழக்கம் போல நிதானமாகப் படிக்கிறாள். பின்னால் ஆம்பளைக் குரல்கள்.

"ஆடியில வந்து பேசறமேன்னு பாக்காதீங்க, அப்படித்தானேங்க. ஆவணி பொறந்ததும் மொத முகூர்த்தத்துல தம்பிக்கு முடிச்சிடலாம்."

இன்னொரு குரல், அவள் அப்பாவாக இருக்கும். "பத்தாவது பரீட்சய மட்டும் எழுதிடட்டுமேன்னு பாக்குறேங்க."

"எழுதி என்னா ஆவப்போவுது? எங்கம்மா பதினஞ்சு வயசுல குடும்பம் பண்ண வந்தவங்கதான். நல்லாதான இருக்காங்க, அப்படித்தானேங்க."

சுகன்யா ஒரு சொல் நிறுத்தவில்லை. முழுப் பத்தியும் முடித்தாள்.

வாக்கியத்துக்கு வாக்கியம் "அப்படித்தானேங்க". என் வீட்டில் தினமும் கேட்கிற குரல். என் வீட்டுக்காரர்.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை இதற்குத்தான். திரும்பத் திரும்பக் கேட்டேன். வேறு யாராகவாவது இருக்கக் கூடாதா என்று. பெரம்பலூர் வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் அருகில் வந்து, "எறங்கலையாம்மா?"

வீட்டில் இவர் காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். "என்ன ஒரு மாரி இருக்க?" தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மதிய இடைவேளையில் சுகன்யாவை லைப்ரரி அறைக்குக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கெழம பதிவு பண்ணியே, எங்க உக்காந்து படிச்ச?"

"உள் ரூம்ல மிஸ். கதவு கிட்ட."

"பின்னால பேசறது கேக்குதே. சத்தமில்லாத நேரத்துல மறுபடி பண்ணியிருக்கலாம்ல?"

"மறுபடி மறுபடி பண்ணேன் மிஸ். அவங்க பேசறது நல்லா கேக்குறத எடுத்து அனுப்பினேன்."

அவள் தரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"நீங்க எல்லாரு ஆடியோவையும் கடசி வரைக்கும் கேப்பீங்க. ஒருத்தன் இருமுனத கூட கண்டுபுடிச்சி கிளாஸ்ல சொன்னீங்கள்ல."

"அதுல பேசறது யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் மிஸ். பஸ்ஸ விட்டுட்டா உங்கள பைக்ல கொண்டாந்து விடுவாருல்ல, அவருதான். அதான் ரெண்டு நாளா அனுப்பலாமா வேணாமான்னு இருந்தேன்."

"பொறவு ஏன் அனுப்பின?"

"வேற யாருகிட்ட அனுப்புறது மிஸ்?"

பிற்பகல் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். தன் குரல் வந்ததும் கை நின்றது. கடைசி வரை கேட்டார். என்ன சொல்வார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பொய் சொல்வார், கோபப்படுவார், வெட்கப்படுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

"இத யாரு ரெக்கார்ட் பண்ணுனா?"

அதுதான் முதல் கேள்வி.

"என் கிளாஸ் பொண்ணுங்க அது. பதினஞ்சு வயசு."

"ஒன் கிளாஸ்னு எனக்கு என்னா தெரியும்? அழிச்சிடு."

"வேற கிளாஸா இருந்தா பரவால்லையா?"

"தம்பிக்கு வயசு ஏறுது, அம்மா தெனமும் அழுவுது, நான் என்னா பண்றது?" என்றார். சட்னியைத் தொட்டுக்கொண்டு மறுபடி சாப்பிட்டார். சாப்பிட முடிகிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் ஹெச்.எம். அறைக் கதவைச் சாத்திவிட்டு ஆடியோவைப் போட்டுக் காட்டினேன். "யாருங்க இந்த ஆளு?" என்றார் மேடம்.

"எங்க வூட்டுக்காரருங்க மேடம்."

கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "உதவி எண்ணுக்குப் போன் பண்ணிட்டா திரும்ப எடுக்க முடியாதுங்க வளர்மதி. நல்லா யோசிச்சிட்டீங்களா?" யோசித்துவிட்டேன் என்றேன். யோசிக்கவில்லை. யோசித்தால் செய்ய மாட்டேன் என்று தெரியும்.

குழந்தைகள் உதவி எண்ணுக்கு நானே பேசினேன். ஊர், பெண் பெயர், பேச்சு நடந்த நாள் எல்லாம் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு விவரம் தெரியுமா என்று கேட்டார்கள். சொன்னேன். என் வீட்டு முகவரியை நானே சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய். சுகன்யா வரவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

சனிக்கிழமை அதிகாரிகள் சுகன்யா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பதினெட்டு முடியும் வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று அவள் அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். ஹெச்.எம். சொன்னது. இவரையும் கூப்பிட்டு விசாரித்து, எச்சரித்து அனுப்பினார்கள்.

வந்தவர் பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு அரியலூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மாமியார் போனில் ஒரே வரி: "வூட்டுக்குள்ளயே ஆபீசரு வச்சிருக்கோம்னு தெரியாம போச்சி."

பயந்தது போல அழுகை வரவில்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சொல்லிவைக்க.

இன்று சுகன்யா வந்தாள். வீட்டில் போனைப் பிடுங்கிவிட்டார்களாம். அப்பா பேசுவதில்லையாம். "அம்மா மட்டும் சோறு போட்டு, பள்ளிக்கொடம் போன்னு சொல்லிச்சி மிஸ்." இனி அவள் பாடத்தை என் போனிலேயே பதிவு செய்யலாம் என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் குமரேசனிடமிருந்து ஒரு குரல் செய்தி. லாரி என்ஜின் சத்தம். திட்டத்தான் போகிறான் என்று திறக்கவே பயம். பஸ் ஏறிய பிறகு திறந்தேன்.

"அண்ணி, பொண்ணுக்கு இருவது வயசுன்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. அண்ணன் போட்டோ காமிச்சாரு, பொடவ கட்டுன போட்டோ. பத்தாவது படிக்குதுன்னு சத்தியமா தெரியாதுங்க அண்ணி. அந்தப் புள்ளகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லிடுங்க." அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அவனையும் ஏமாற்றியிருக்கிறார். சொந்தத் தம்பியை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

இடைவேளையில் சுகன்யாவிடம் இயர்போனைக் கொடுத்தேன். கேட்க வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். முழுவதும் கேட்டாள். சுருட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

"அவருக்கு என் வயசு தெரியாது, சரி மிஸ்" என்றாள். "உங்க வூட்டு சாருக்குத் தெரியும்ல?"

மணி அடித்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றேன்.