வேனின் மூச்சுக் கணக்கு

வெள்ளி, இரவு

மேதாவி நான் ட்யூன் செய்ததிலிருந்து, பூ ஏற்றும் எங்கள் வேன் தளி மேட்டில் நின்றுவிடுகிறது. யானை கடக்கும் இடம். விடியலில் மனைவி தனியாக ஓட்டுகிறாள்.

எஞ்சின் கம்ப்யூட்டரின் எண்களை, எஞ்சின் தன் கொள்ளளவில் எத்தனை சதவீதம் காற்றை இழுக்கிறது என்று நான் மாற்றியதை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். “பாரு, நூத்தி முப்பது!”

“மாடி ஏறினா உங்களுக்கே மூச்சு வாங்குது. இந்தக் கிழட்டு வண்டி நூத்துக்கு மேல இழுக்குதாமா?”

ட்யூன் செய்தபோது வகுக்கும் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தேன். அதை நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்ற, எஞ்சின் திணறி நின்றிருக்கிறது. திருத்தினேன், எண்பது. சாயங்காலம் மேட்டில் நிற்காமல் ஏறியது.

“காலைல நானும் வர்றேன்.”

“ஏன், வண்டி மேல நம்பிக்கை இல்லியா?”

“ரீடிங் பாக்கணும்.”

சிரித்தாள். வேனின் முன்சீட்டில் கிடந்த கூடைகளைப் பின்னால் மாற்றிவிட்டு வந்து படுத்தாள்.