பஞ்சு ஆம்லெட்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

இங்கு நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

சிரிக்காமல் படி. நேற்று வேலை முடிந்து வந்து, ஏதோ நினைப்பில் முட்டை நுரையை முகத்தில் அப்பிச் சவரம் செய்துகொண்டேன். பாப்பா கேட்ட பஞ்சு ஆம்லெட்டைப் பழகிப் பார்க்க வெள்ளைக்கருவை அடித்து வைத்திருந்தேன். சோப்புக் குவளையும் முட்டைக் குவளையும் ஒரே மாதிரி. கூடத் தங்கியிருக்கும் டிரைவர் தம்பி, "அண்ணே, அப்படியே கொஞ்சம் வெங்காயமும் தூவிக்குங்க!" என்றான்.

கை ஓயும்வரை மறுபடி அடித்து, மஞ்சள் கருவை மெதுவாகக் கலந்து, சிறு தீயில் மூடி வைத்தேன். வதக்கிய தக்காளியை நடுவில் வைத்து மடித்தால், தலையணை மாதிரி உப்பி நின்றது! இதுவரை செய்ததெல்லாம் தோசைக்கு அண்ணன் தம்பிதான். ஆனால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். சற்று நேரத்தில் அமுங்கிவிடுகிறது.

அதனால் நீயே அவளுக்குச் செய்து கொடு. வெள்ளையை அடித்து முடிக்கும்வரை அதில் மஞ்சள் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. மூடியைத் திறந்ததும் அவள் முகம் எப்படி இருந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது. தலையணை உறை ஒன்று அனுப்பு. புதிது வேண்டாம், உன்னுடையதே போதும்.

வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். நேற்று தட்டை வழித்துக்கொண்டே தம்பி கேட்டான்: "பாப்பாவுக்கு எப்பண்ணே செஞ்சு குடுக்கப் போறீங்க?"

"லீவுல போனதும்தான்" என்றேன். இந்த வருடமும் லீவு இல்லை என்று நேற்றுக் காலையிலேயே ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை.

பாப்பா அப்பா