ஏதென்ஸில் மட்டும் வரும் பைத்தியம்

பிப்ரவரி 11

இன்று பக்கத்து வீட்டு மரூஸோவுக்கு முடி வெட்டினேன். கத்தரி ஆடவில்லை! பார்க்கின்சன் நோய் என்று தெரிந்ததும் கடையைப் பூட்டியவள் நான். ஏதென்ஸ் டாக்டர் கொடுத்த நடுக்க மாத்திரை என் கையை எனக்கே திருப்பித் தந்திருக்கிறது. வாய்தான் பஞ்சை மென்றதுபோல் காய்ந்து கிடக்கிறது. கிடக்கட்டும்.

மரூஸோ கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "காது ரெண்டும் இருக்கு. பொழச்சேன்" என்றாள். வாயாடி. இந்தத் தீவில் பாதித் தலைகள் என் கைக்குப் பழக்கம். அடுத்த மாதம் கப்பலேறிப் போய் டாக்டரிடம் கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

மார்ச் 6

ஊர் திரும்பிவிட்டோம். ஏதென்ஸில் நடந்ததில் பாதி, என் வீட்டுக்காரர் ஸ்டமாதிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்று என்ன கிழமை என்று டாக்டர் கேட்டாராம். நான் கிழமையைச் சொல்லாமல், "உங்க பின்னாடி மூணு பேர் ஈரத் தலையோட உட்கார்ந்திருக்காங்க. அவங்கள முடிச்சு அனுப்பிட்டு வரேன்" என்றேனாம். அந்த மூன்று பெண்களை நினைவிருக்கிறது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது பொய்யென்றால் எதைத்தான் நம்புவது?

டாக்டர் மேல் குறை சொல்ல முடியாது. "இந்த மாத்திரையே சிலருக்குப் புத்தியைக் கலக்கும். வயசாக ஆக இன்னும் பார்த்துத்தான் தரணும். வேற என்ன சாப்பிடறாங்க? தூக்கத்துக்கு, அலர்ஜிக்கு, சிறுநீருக்கு?" என்று கேட்டாராம். "ஒண்ணுமே இல்ல டாக்டர்" என்றிருக்கிறார் ஸ்டமாதிஸ். சட்டென்று நிறுத்தக் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதியாக்க வேண்டும்.

இங்கே வந்து ஒரு நாள் தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டேன். ஆனால் பயம் போகவில்லை.

ஏப்ரல் 19

பாதி மாத்திரைக்கு வந்தாயிற்று. கை ஆடுகிறது. ஈஸ்டருக்கு முந்தைய வாரம், கடை வாசலில் வரிசை நிற்க வேண்டும். பூட்டு தொங்குகிறது. போகட்டும், புத்தியாவது மிஞ்சட்டும்.

ஜூன் 14

மிஞ்சவில்லை.

மறுபடி ஏதென்ஸ், மறுபடி அதே கூத்து. டாக்டர் அறையில் குனிந்து, தரையில் கிடந்த முடியையெல்லாம் வெறுங்கையால் கூட்டி அள்ளினேனாம். தரையில் முடியே இல்லையாம். இந்தத் தடவை அங்கேயே குடியிருக்கும் மகன் லெஃப்தெரிஸும் கூட இருந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

மாத்திரையைக் குறைத்தும் இப்படியென்றால் நோயே மூளையைத் தொட்டிருக்கலாம் என்கிறார் டாக்டர். கையை விட்டுக்கொடுத்தேனே, அது போதாதா? ஐயோ, நான் இன்னும் என்னத்தைக் குடுக்கறது?

ஜூன் 16

இன்று செவ்வாய்க்கிழமை. நன்றாகத் தெரிகிறது. இங்கே யார் கேட்கிறார்கள்?

ஜூலை 27

லெஃப்தெரிஸ் போன் செய்தான்.

"அம்மா, இங்க ஒரு நல்ல முதியோர் இல்லம் பார்த்திருக்கேன். அப்பா ஒத்த ஆளா எத்தனை நாள் சமாளிப்பாரு?"

"இங்க நான் நல்லாத்தானேடா இருக்கேன்?"

"நீ எப்படி ஆயிடறேன்னு உனக்குத் தெரியலம்மா. நான் பார்த்தேன்."

செப்டம்பரில் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே சேர்த்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஸ்டமாதிஸ் அத்திப்பழத்தை உரித்து உரித்துத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். இருவரும் சாப்பிடவில்லை. செத்துப் போனால் தேவலை என்று இருக்கிறது.

செப்டம்பர் 11

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது. முந்தாநாள் பெட்டியோடு துறைமுகத்துக்குப் போனோம். காற்று பலம், கப்பலுக்குத் தடை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இன்னும் ரெண்டு நாள் நம்ம வீட்லயே இருக்கலாம், கல்லிரோயி" என்று ஸ்டமாதிஸ் சின்னப் பையனைப்போல் சிரித்தார்.

அன்று சாயங்காலமே என் சமையலறையில் அந்த மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்கயும் வந்துடுச்சா?" என்று ஸ்டமாதிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நேற்று முழுக்கப் படுத்தபடியே யோசித்தேன். ஏதென்ஸ் போகவில்லை. கப்பலில் கால் வைக்கவில்லை. பிறகு எப்படி? வீட்டைவிட்டுக் கிளம்பும்போது செய்தது ஒன்றே ஒன்று - வழக்கம்போல் கப்பல் மாத்திரை. வாந்தி வராமலிருக்க இந்தத் தீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட விழுங்குவது. அதை மருந்து என்று யார் நினைத்தார்கள்? டாக்டர் கேட்டபோது ஸ்டமாதிஸ் பொய் சொல்லவில்லை. ரொட்டி தின்பதைச் சொல்வோமா?

இன்று மருந்துக்கடைக்குப் போய் இரண்டு டப்பாவையும் மேசைமேல் வைத்தேன். கடைக்காரப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "ரெண்டும் ஒரே மாதிரி வேலை செய்யறதுதான் அக்கா. ஒண்ணுமேல ஒண்ணு போட்டா மண்டை குழம்பத்தான் செய்யும்." அவளே டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் கத்தியது எனக்கே கேட்டது: "ஒண்ணுமே சாப்பிடலன்னாங்களே!"

வீட்டில் ஸ்டமாதிஸ், "ஒவ்வொரு தடவையும் நான்தானே தண்ணியோட நீட்டினேன்" என்றார்.

ஆமாம், நீங்கதான். ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 24

கப்பல் மாத்திரை போடாமல் ஏதென்ஸ் வந்தேன். வழியெல்லாம் வாந்தி, குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. ஸ்டமாதிஸ் தூங்காமல் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கழுத்தில் கறையோடுதான் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். கிழமை, தேதி, மாதம், எல்லாம் சரியாகச் சொன்னேன்.

"என் பின்னாடி யாராவது இருக்காங்களா?"

"ஒரு நாற்காலி. அதுல உங்க கோட்டு. பட்டன் ஒண்ணு போயிருக்கு."

லெஃப்தெரிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப நடுக்க மாத்திரையை மறுபடி முழுசாத் தாங்களேன். கடை திறக்கணும்" என்றேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "வேண்டாம்மா. கை நிக்கலாம். புத்திக்கு நான் உத்தரவாதம் தர முடியாது." ஆக, கத்தரி போனது போனதுதான். வெளியே வந்து நடைபாதையில் நின்று வாய்விட்டு அழுதேன்.

செப்டம்பர் 25

லெஃப்தெரிஸ் கப்பல்வரை வந்தான். இல்லம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பெட்டியை ஏற்றிவிட்டு, என் மடியில் ஒரு கட்டு பிளாஸ்டிக் பையையும் நாலு எலுமிச்சம்பழத்தையும் வைத்தான். "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் போதுமாம்மா?" என்று கேட்டான். சொல்ல எவ்வளவோ இருந்தது. அதற்குள் கப்பல் அசைந்தது. நான் முதல் பையைத் திறந்தேன்.