இரண்டு அட்டையும் ஒரு கையெழுத்தும்

அக்டோபர் 3, செவ்வாய்

இடக்கண்ணில் மூன்றாவது ஊசி; வலது எப்போதோ மங்கிவிட்டது. வலிக்கவில்லை. எந்த இடத்தில் குத்துகிறீர்கள், மருந்து உள்ளே போய் என்ன செய்யும், ஏன் மாதாமாதம் என்று டாக்டரிடம் வரிசையாகக் கேட்டேன். "ரோசேர், எல்லாரும் எப்ப முடியும்னுதான் கேப்பாங்க" என்றார். முப்பத்திரண்டு வருடம் ஊரார் வீட்டுச் சலவை இயந்திரங்களைத் திறந்து பார்த்தே பிழைத்தவன். மூடி போட்ட எதுவும் எனக்குத் தொந்தரவுதான், என் கண் உட்பட.

பில்தான் வலித்தது. மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு ஐந்தில் நான்கு பங்கு கொடுத்துவிடுகிறது. மீதி ஒரு பங்கு என் தலையில். மாத ஓய்வுப் பணத்தில் மூன்றில் ஒன்று அதற்கே போகிறது. ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். நடுப்பார்வை போய்விடும், ஓரம் மட்டும் மிஞ்சும் என்றார்.

அக்டோபர் 5, வியாழன்

முதியோர் உதவி மையத்துக்குப் போனேன். ஹோதான் என்ற சோமாலியப் பெண். முப்பது வயதிருக்கும். பேச்சு அப்படியே எங்கள் மெயின் மாநிலத்துப் பேச்சு.

"மெடிகேர் வயசுக்கு, மெடிகெய்ட் வருமானத்துக்கு. உங்ககிட்ட வயசு இருக்கு, வருமானம் இல்ல. ரெண்டுமே கிடைக்கும் சார்" என்றாள். இரண்டு அட்டையும் இருந்தால் என் ஐந்தில் ஒரு பங்கை இரண்டாவது அட்டை பார்த்துக்கொள்ளும். மருத்துவமனைக்குப் போய்வர வண்டியும் அனுப்புவார்களாம். அறுபத்தெட்டு வயதாகிறது, இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை – ஊர் முழுக்கக் கேள்வி கேட்டவன்.

சொத்து விவரம் எழுதினோம். பழைய கார் ஒன்று. அது கணக்கில் சேராது. செத்துப்போன என் மனைவி கொலெத்தின் பக்கத்தில் எனக்கென்று வாங்கிப்போட்ட கல்லறை நிலம்?

"அதுவும் சேராது."

"செத்தப்புறம் படுக்கிற இடம் சொத்து இல்லையா?"

"அங்க போனப்புறம் உங்களுக்கு எங்க உதவி தேவையில்ல சார்."

கொலெத் இருந்தால் இதற்குச் சிரித்திருப்பாள்.

அக்டோபர் 11

வருமானம், வாடகை, வங்கித்தாள் எல்லாம் கொடுத்தாயிற்று. இனி அவர்கள் துழாவட்டும்.

அக்டோபர் 24, செவ்வாய்

ஹோதான் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பில்லை. "சார், ஊர்க் கடன் சங்கத்துல உங்க பேர்ல ஒரு கணக்கு இருக்கு. என்கிட்ட சொல்லவே இல்லையே."

எனக்கு அங்கே கணக்கு கிடையாது என்றேன்.

"கூட்டுக் கணக்கு. இன்னொரு பேரு ப்ளாண்டின் பெல்ட்டியே."

ப்ளாண்டின் என் அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நடந்தால் இருபது நிமிடம். பேச்சு நின்று பதினோரு வருடம்.

கணக்கில் இருப்பது மாநிலம் வைத்திருக்கும் வரம்பைத் தாண்டுகிறது. கூட்டுக் கணக்கு என்றால் என்னுடையதாகவும்தான் எடுத்துக்கொள்வார்களாம். அதில் என் காசு ஒன்றும் இல்லை என்று அக்கா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பழைய விவரத்தாள்கள் கொடுக்க வேண்டும், என் பெயரை எடுக்க வேண்டும். நவம்பர் பதினைந்துக்குள். இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி.

அக்டோபர் 25

ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவின் சமையலறை மேசை, முப்பது வருடத்துக்கு முன்னால். "எனக்கு ஏதாவதுன்னா நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கலாம், போடுங்க" என்று கடன் சங்கத்துக் கையெழுத்து அட்டையை நீட்டினாள். போட்டோம். அன்றைக்கே மறந்தேன். அம்மா போனதும் அவள் பெயர் போயிருக்கும். அக்கா தன் பணத்தை அதிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

சரி, என் பெயரை ஏன் விட்டுவைத்தாள்? என் முகத்திலேயே முழிக்காதவள். இந்தக் கேள்விதான் பில்லை விட அதிகமாகக் குடைகிறது.

அக்டோபர் 28, சனி

சனிக்கிழமைச் சாப்பாடு, அவரை விதையும் பன்றிக்கறியும், தொடாமலே ஆறிவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்கா குளிருக்குத் தப்பி ஃபுளோரிடா போயிருந்தபோது, அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டது நான். மூன்றே வாரம். அக்கா வந்து இறங்கியது அடக்கத்துக்கு. மாதா கோயில் படியில் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "ஒரு கையெழுத்துல அம்மாவை முடிச்சுட்ட."

நான் பதிலே சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

அக்டோபர் 31, செவ்வாய்

போனேன். பாலத்தில் நல்ல காற்று. தெருவெல்லாம் ஹாலோவீனுக்குப் பேய் வேஷம் கட்டி, வீடு வீடாக மிட்டாய் கேட்டுத் திரியும் பிள்ளைகள். மணியடித்ததும் அக்கா மிட்டாய்க் கிண்ணத்தோடு கதவைத் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு வயசாயிடுச்சு. மிட்டாய் கிடையாது."

"கையெழுத்து கிடைக்குமா?"

உள்ளே விட்டாள். நின்றபடியே தாளைப் படித்தாள், இரண்டு தரம்.

"ஆக, என் காசு உனக்கு வேண்டாம்னு நான் எழுதிக் கொடுக்கணும்."

"உன் காசு என்னோடது இல்லன்னு எழுதணும்."

"அம்மாவை அனுப்ப மட்டும் யாரையும் கேக்காம போட்டியே. இப்ப என்னைத் தேடி வர்ற."

அப்போதுதான் வாய் திறந்தேன். பிப்ரவரியில் இரண்டு தரம் அம்மா செருப்பில்லாமல் பனியில் நின்றது, மூன்றாம் தரம் அடுப்பை மூட்டிவிட்டுத் தூங்கப்போய்த் திரைச்சீலை எரிந்தது, நான் வேலையை விட்டுவிட்டு ஆறு வாரம் அவள் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுத் தூங்கியது. எல்லாம்.

அக்கா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "ஃபோன்ல கேட்டப்பல்லாம் நல்லா இருக்காங்கன்னு சொன்னியே."

"அம்மாதான் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னா. நீ டிக்கெட்டை மாத்திட்டு வந்துடுவியாம்."

"வந்திருப்பேன். வந்திருக்கணும்டா நான்." இது கண் ஊசிக்காக என்று சொன்னதும், "கண்ணு எவ்வளவு தெரியுது?"

"நேரா பாத்தா உன் முகம் அழிஞ்ச மாதிரி இருக்கு. ஓரமா பாத்தா தெரியுது."

"அப்ப ஓரமாவே பாரு."

தாளை வைத்துவிட்டுப் போ என்றாள். போடுகிறேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 4

தகவல் இல்லை.

நவம்பர் 7, செவ்வாய்

நான்காவது ஊசிக்கான நாள் இன்று. தள்ளிப்போட்டுவிட்டேன். காசில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, சளி என்று சொன்னேன். பார்வையைச் சோதித்துக்கொள்ள டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட அட்டையைப் பார்த்தால் நடுவில் உள்ள கட்டங்கள் நெளிகின்றன. போன வாரம் இவ்வளவு இல்லை. பயமாக இருக்கிறது. பயத்தோடேயே, எப்படித்தான் நெளிகிறது என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 10, வெள்ளி

அக்கா ஃபோன் செய்தாள். "திங்கக்கிழமை பத்து மணி, கடன் சங்க வாசல்ல. ஷேவ் பண்ணிட்டு வா." வைத்துவிட்டாள்.

நவம்பர் 13, திங்கள்

ஷேவ் செய்துகொண்டு போனேன். அக்கா பதினோரு வருட விவரத்தாள்களையும் நூல் கட்டி எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொரு வரவும் அவளுடைய ஓய்வுப் பணம். கவுண்டரில் இருந்த பெண் சரிபார்த்தாள்.

காத்திருக்கும்போது கேட்டே விட்டேன். "என் பேரை ஏன்க்கா எடுக்கல?"

"எடுக்கணும்னா உன்னைப் பக்கத்துல உக்கார வைக்கணும்னாங்க. அதுக்கு உன்னைக் கூப்பிடணும். எவ கூப்பிடுவா?"

நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கழிவறைக்குப் போன சமயம் கவுண்டர் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அந்த நியாயத்தையும் திறந்து பார்க்க வேண்டுமே. அவள் சொன்னாள்: "உங்க பேரை மட்டும் எடுக்கத்தான் நீங்க வரணும். வேண்டாம்னா அவங்க கணக்கை மூடிட்டு வேற ஒண்ணு தொடங்கியிருக்கலாமே. தனியா வந்து அஞ்சு நிமிஷ வேலை. போன வருஷம்கூட அவங்ககிட்ட சொன்னேன். இப்படியே இருக்கட்டும்னாங்க."

அக்கா திரும்பி வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, திறந்து பார்த்ததை அப்படியே மூடிவைத்தேன்.

நான் கையெழுத்துப் போட்டேன், அவள் போட்டாள். என் பெயர் போயிற்று. "உங்களுக்கு அப்புறம் இந்தப் பணம் யாருக்குப் போகணும்?" என்று பெண் கேட்டாள். அக்கா என்னைப் பார்க்காமல் என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அது இப்போதே என் சொத்துக் கணக்கில் வந்துவிடாதா என்று நான் பதறினேன்.

"நான் இன்னும் சாகலடா. அதுவரைக்கும் நீ ஏழைதான், போ."

மாலைக்குள் எல்லாத் தாளும் ஹோதான் கையில்.

டிசம்பர் 1, வெள்ளி

கடிதம் வந்தது. கிடைத்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்து மூன்று தரம் படித்தேன். இரண்டாவது அட்டை முதல் அட்டையை விட மெல்லியது. செய்கிற வேலையோ பெரியது. பழைய பில்லுக்கும் கேட்டுப் பார்க்கலாம் என்கிறாள் ஹோதான்.

டிசம்பர் 5, செவ்வாய்

நான்காவது ஊசி. தள்ளிப்போட்ட நான்கு வாரத்தில் கொஞ்சம் போய்விட்டது, அது திரும்பாது என்றார் டாக்டர். மீதியைக் காப்பாற்றலாம். வண்டியில் துணைக்கு ஒருவர் வரலாம். அக்கா வந்தாள். போகிற வழி முழுக்க ஓட்டுநரிடம் வண்டிக்குள் சூடு போதவில்லை என்று சண்டை.

டிசம்பர் 19

ஹோதானிடம் ஒரு சந்தேகம் கேட்கப் போனேன். ஒருவன் தன் அக்கா வீட்டு மாடிக்குக் குடிபோனால் அட்டை போய்விடுமா?

"அக்கா வருமானம் உங்க கணக்குல வராது. வாடகைன்னு ஏதாவது கொடுத்து ரசீது வாங்கிக்குங்க. விலாசம் மாறினா பத்து நாளைக்குள்ள எனக்குச் சொல்லணும்."

அக்காவிடம் சொன்னேன். "ரசீதா? புத்தகமே வாங்கி வைக்கிறேன்" என்றாள்.

ஜனவரி 4, வியாழன்

ஹோதானுக்குப் புது விலாசம் தெரிவித்தாயிற்று: 14, பைன் தெரு, மேல்மாடி.

காலையிலிருந்து பனி. படியில் அள்ளப் போனேன். படி தெரியாமல் விழுந்து தொலைப்பாய் என்று அக்கா மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ஜன்னலருகே உட்கார்ந்து, அவள் அள்ளுவதை ஓரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.