மேல்விலாசத்தில் இல்லாத பெயர்

மனுதாரர்:
நசீமுன்னிசா பேகம்,
அப்துல் சமத் சாயபு சம்சாரம்,
14-ஆம் நம்பர் வீட்டுப் பின்கட்டு, கிடங்குத் தெரு, ஆம்பூர்.

பெறுபவர்:
சப்-ரிஜிஸ்திரார் அவர்கள், ஆம்பூர்.

சங்கதி: வீடு கைமாறும்போது அதில் குடியிருப்பவருக்கும் தெரிவிக்கக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா,

1. மேற்படி வீட்டின் முன்கட்டு ஜியாவுல்லா சாயபுவின் தோல் மண்டி. பின்கட்டில் நானும் என் கணவரும் ஒன்பது வருஷமாகக் குடிக்கூலிக்கு இருக்கிறோம். தோல் தரம் பிரிக்கும் வேலைக்காக அவர் ரங்கூன் போய் இரண்டு வருஷமாகிறது. மாதம் தவறாமல் கடிதம் போடுவார்.

2. நாங்கள் பெண்கள் திரைமறைவில் இருக்கும் கோஷாக் குடும்பம். வீட்டுப் பெண்ணின் பெயரை ஊரார் படிக்கும்படி உறையின்மேல் எழுதும் வழக்கம் எங்களில் இல்லை. ஆகையால் மேல்விலாசம் 'ஜியாவுல்லா சாயபு வீடு' என்றே இருக்கும். மண்டியில் வாங்கிப் பின்வாசலுக்குக் கொடுத்தனுப்புவார்கள்.

3. சென்ற மார்ச்சு மாதம் ஜியாவுல்லா சாயபு இவ்வீட்டை அஹமது பாஷா சாயபுக்குத் தங்கள் ஆபீசில் கிரயம் செய்துகொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். ஊரெல்லாம் சொன்னவருக்கு, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. முன்கட்டில் தோல் வாடை மாறவில்லை, குடிக்கூலி வாங்க வரும் ஆளும் மாறவில்லை. வீட்டுக்காரர் மாறியது எனக்கு எப்படித் தெரியும்?

4. அந்த மாதத்தோடு என் கணவரின் கடிதம் நின்றது. ரங்கூனில் வேறு குடும்பம் ஏற்பட்டிருக்கும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். நானும் நம்பினேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி, ஐயா. அவரே எழுதாதபோது நான் ஏன் எழுத வேண்டுமென்று ஐந்து மாதம் பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

5. ஆகஸ்டில் பொறுக்கமாட்டாமல் தபால்காரர் ராமமூர்த்தியைப் பின்வாசலுக்கு அழைத்துத் திரைமறைவிலிருந்து கேட்டேன். "ஜியாவுல்லா சாயபு வீடுன்னு ரங்கூன்லேர்ந்து நாலு கடுதாசி வந்துதும்மா. அவரு இங்க இல்லன்னு மண்டியில சொல்லிட்டாங்க, திருப்பி அனுப்பிட்டோம். உங்களுக்குன்னு தெரியாம போச்சே" என்றார். வீடு கைமாறியதும், மண்டியில் அஹமது பாஷா சாயபுவின் புது ஆட்கள் இருப்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன; அவர்கள் சொன்னது பொய்யுமில்லை. அன்றே ரங்கூனுக்கு எழுதினேன். அந்த விலாசத்தில் ஆள் இல்லையென்று அது திரும்பி வந்தது.

6. அந்த நான்கு கடிதங்களில் என்ன இருந்ததென்று நான் நினைக்காத நாளில்லை. 'வருகிறேன்' என்று இருந்திருக்கலாம், 'ஏன் எழுதவில்லை' என்று திட்டியும் இருந்திருக்கலாம். திட்டினாலும் சரி, அவர் கையெழுத்தைப் பார்த்தால் போதுமென்று இருக்கிறது.

7. கிரயத்தை ரத்துசெய்யக் கேட்கவில்லை. இனி எந்த வீடு கைமாறினாலும், குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்ன பிறகே பத்திரத்தில் முத்திரை விழவேண்டும். பழைய பெயருக்கு ஐந்தாவது கடிதம் வந்தால் திருப்பாமல் பின்கட்டுக்கு அனுப்பும்படி அஹமது பாஷா சாயபுக்குத் தாங்கள் சொல்லவேண்டும். ரங்கூனிலிருந்து யாரேனும் தங்கள் ஆபீசுக்கு எழுதி, இந்த வீடு இப்போது யாருடையது என்று விசாரித்தால், வீடு அஹமது பாஷா சாயபுடையது, பின்கட்டில் நசீமுன்னிசா இருக்கிறாள் என்று தயவுசெய்து பதில் எழுதவேண்டும். என் கணவர் ஒருநாளும் மேல்விலாசத்தில் எழுதாத பெயரை அதற்காகவே கீழே முழுதாக எழுதியிருக்கிறேன்.

ஆம்பூர்,
1927 நவம்பர் 14.

இப்படிக்கு,
நசீமுன்னிசா பேகம்
(என் கையாலேயே எழுதியது)