ஏழாவது கட்டத்தில் எழுத வேண்டியது

மார்ச் 3, செவ்வாய்

நாற்பத்தொரு வருடத்துக்கு முன் படையிலிருந்து என்னை விடுவித்த நாளில், மருத்துவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் தாளில் 'புகார் இல்லை' என்று எழுதினார். அது பொய். அந்தப் பொய்யைத் திருத்தச் சொல்லி இன்று முப்பத்தொன்றாவது மனுவைக் கொடுத்தேன். உதவித்தொகை கேட்கவில்லை. பதக்கம் கேட்கவில்லை. ஒரு வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதச் சொல்கிறேன்.

படை ஆவண அலுவலகத்தில் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். உள்ளே நுழையும்போது காதில் விழுந்தது: "மனு தாத்தா வந்துட்டாரு, முத்திரை மை இருக்கான்னு பாரு." சிரிக்கட்டும். நானும் முப்பத்தோரு முறை வந்திருக்கிறேன், அவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

கவுண்டரில் இருக்கும் அம்மாள் படிவத்தின் ஏழாவது கட்டத்தைப் பேனாவால் தட்டினாள். 'சம்பவத்தின் விவரம்' என்ற கட்டம். எப்போதும்போல அதில் 'கோப்பில் காண்க' என்று எழுதியிருந்தேன்.

"ஐயா, கோப்புல ஒண்ணும் இல்லன்னுதானே மனு போடுறீங்க. அப்புறம் கோப்பைப் பாருன்னா நான் எங்க போய்ப் பாக்குறது?"

ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

என் மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் ஒன்றரைக் குதிரைசக்தி மோட்டார் ஒன்று. எரிந்த காயிலின் கம்பியைப் பிரித்தேன், சுற்றுகளை எண்ணினேன், புதிதாகச் சுற்றினேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 5, வியாழன்

மாப்பிள்ளை போர்முனையிலிருந்து விடுப்பில் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மகள், பேத்தி, அவர் மூன்று பேரும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி படை மருத்துவமனையில் பரிசோதனை. அது முடிந்தால் விடுவிப்பு. பழைய வேலைக்கே போகலாம். பேருந்துப் பணிமனையில் இடம் வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். போதும் என்று சொல்வதில்லை, இன்னும் வேண்டும் என்றும் சொல்வதில்லை. தட்டை எடுத்தால் கையை எடுத்துக்கொள்கிறார். என் மனைவி அடுப்படியில் சொன்னாள்: "கல்யாணமான புதுசுல நீங்க இருந்த மாதிரியே இருக்காரு. எனக்குப் பழகின வேலைதான். பாவம், நம்ம பொண்ணுக்குத்தான் புதுசு."

எனக்குக் கோபம் வந்தது. இவர் டிரோன் ஓட்டியவர். பத்து மைல் பின்னால் ஓர் அறையில், நாற்காலியில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர். காலில் சேறு படவில்லை. இவரையும் என்னையும் ஒரே தட்டில் வைக்கிறாளே என்று தோன்றியது. பிற்பாடு மறுக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்: அப்படித்தான் தோன்றியது.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் பேத்தி வாசலில் மூன்று சக்கர சைக்கிளோடு விழுந்துவிட்டாள். முழங்கால் கிழிந்து ரத்தம். வீறிட்டு அழுகிறாள். மாப்பிள்ளை நான்கடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஓடவில்லை. குனியவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, மேலேயிருந்து பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் கடைப்பக்கத்திலிருந்து ஓடிவந்து தூக்கினேன்.

குழந்தை அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தது. அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. இன்று முழுக்க அவர் பக்கம் போகவில்லை.

மார்ச் 9, திங்கள்

மத்தியானம் மாப்பிள்ளை படுத்திருந்தார். மகள் கதவருகிலேயே நின்று, குடைக் காம்பால் கட்டில் காலைத் தட்டி எழுப்பினாள். தட்டிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"யார் சொல்லணும்? அம்மா உங்களை இப்படித்தானே எழுப்புவாங்க. எல்லா அப்பாவையும் இப்படித்தான் எழுப்புவாங்கன்னு நெனச்சு வளந்தவ நான். கல்யாணம் ஆனப்புறம்தான் தொட்டு எழுப்பலாம்னே தெரியும். ஆறு வருஷம் தொட்டு எழுப்பினேன்."

காம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 11, புதன்

மாப்பிள்ளை கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். கம்பி இறங்கும் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் அறுபத்தெட்டுச் சுற்று. எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் கடையில் யாரும் பேசக் கூடாது என்பது என் சட்டம். சட்டத்தை நானே மீறினேன். பத்தொன்பதாம் தேதி என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

'புகார் இல்லை' என்றுதான் என்றார். அப்படிச் சொன்னால் சாயங்காலமே அனுப்பிவிடுவார்களாம். ஏதாவது சொன்னால் மூன்று வாரம் மருத்துவமனைக்குள்ளேயே. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்களாம். வரிசையில் முன்னால் நிற்பவர் சொன்னதையே பின்னால் நிற்பவரும் சொல்வாராம்.

மாறவே இல்லை. எங்களுக்கும் அதே வரிசை. எங்கள் குழுத் தலைவர் ஒவ்வொருவர் காதிலும் சொல்லிக்கொண்டே போனார்: "வாயைத் தொறந்தா வண்டி போயிடும்." ஊருக்குப் போகும் அந்த வண்டியைப் பிடிக்க எல்லோருக்கும் அவசரம். அதையெல்லாம் சொன்னேன். விதி, பிரிவு, துணைப்பிரிவு எல்லாம் சொன்னேன். பழைய பேப்பர் கடையில் சட்டப் புத்தகம் வாங்கி நானாகப் படித்தவன், விடுவேனா. ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் தோணல மாமா. வலி இல்ல, பயம் இல்ல, கனவுகூட வரல. ஒண்ணும் தோணலன்னு எப்படிப் புகார் குடுக்கிறது?"

கம்பியை இழுத்து அடுத்த சுற்றைப் போட்டேன்.

"நீங்க அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

அது வேற காலம் என்றேன். சுற்றின கணக்கு போய்விட்டது. கம்பியைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

மார்ச் 12, வியாழன்

அன்று மருத்துவர் 'புகார் இல்லை' என்று தானாக எழுதவில்லை. நான் சொன்னேன், அவர் எழுதினார். முப்பத்தோரு மனுவிலும் இதை எழுதியதில்லை.

மார்ச் 14, சனி

படிவத்தின் நகலை எடுத்து வைத்து ஏழாவது கட்டத்தை எழுதினேன். கட்டம் போதவில்லை, தாள் ஒட்டினேன். இங்கேயும் ஒரு பிரதி:

இடம், ஒரு மேட்டின் பின்பக்கம். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். பதுங்கு குழியைப் பிடித்தாகிவிட்டது, இரண்டு பக்கமும் சுடுவது ஓய்ந்துவிட்டது. கிடப்பவர்களைச் 'சரிபார்க்க' என்னைக் கூப்பிட்டார்கள். சரிபார்ப்பது என்றால் ஆளுக்கு ஒரு தோட்டா. உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். பின்னாலிருந்து யாரும் சுடக் கூடாது, அதற்காக. ஆறு பேர் கிடந்தார்கள். முதல் மூன்று பேர் ஏற்கெனவே செத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். நான்காவது ஆள் என் கணுக்காலைப் பிடித்தான். இழுக்கவில்லை. ஓடுகிற பேருந்தில் நிற்பவன் கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்தான். கையில் ஆயுதம் இல்லை. என் வயதுதான். தாடையில் சவரக்கத்தி வெட்டு, அது முந்தின நாள் வெட்டாக இருக்கும். சுட்டேன். பிடி விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தேன். ஐந்தாவது ஆள், ஆறாவது ஆள். முடித்தேன்.

பிறகு பசித்தது. டப்பாவில் அடைத்த பயறு கொடுத்தார்கள். ருசியாக இருந்தது. இன்னொரு டப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எழுதாமல் வைத்திருந்தது இதைத்தான். சுட்டதை உத்தரவு என்று எழுதிவிடலாம், கூச்சம் இல்லை. இரண்டாவது டப்பாவுக்கு யார் உத்தரவு போட்டார்கள்? ஒன்றும் தோன்றவில்லை. அன்றும் தோன்றவில்லை, வண்டி பிடிக்க வரிசையில் நின்றபோதும் தோன்றவில்லை. அப்படிப் பார்த்தால் புகார் இல்லை என்று நான் சொன்னது உண்மை. ஒன்றுமே தோன்றாததுதான் வியாதி என்று எனக்குத் தெரியாது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் படித்தவர். அதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

மகளும் மனைவியும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். தாளை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார். திருப்பி முதலிலிருந்து படித்தார்.

"நெஜமாவே பசிச்சுதா மாமா?"

"பசிச்சுது."

கொஞ்ச நேரம் தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு திரையில் பார்த்ததைச் சொன்னார். வயலில் ஓர் ஆள். சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தானாம். ஓடினால் தப்பிக்க முடியாது என்று தெரிந்ததும் தரையில் உட்கார்ந்துகொண்டானாம், காலணியைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தானாம். முகம் தெளிவாகத் தெரிந்ததாம்; பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டும் கேமரா. நான் என் காலடியில் பார்த்த முகத்தைவிடக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார்.

"பொத்தானை அமுக்கினேன். பக்கத்து சீட்டுக்காரன் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான். எடுத்துக்கிட்டேன். அப்புறம் அடுத்த ஆளு. எத்தனைன்னு கணக்கு வெச்சிருக்காங்க, நான் வெச்சுக்கல."

நாற்காலிக்காரர் என்று நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்தார்.

பத்தொன்பதாம் தேதியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மார்ச் 19, வியாழன்

கூடப் போனேன். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நீளமான வராந்தா, பச்சைப் பெயிண்ட், கடைசிக் கதவில் மருத்துவர். வரிசை வேகமாக நகர்ந்தது. ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காதில் விழுந்துகொண்டே இருந்தது: புகார் இல்லை, புகார் இல்லை.

மாப்பிள்ளை உள்ளே போனார். அவர் குரல் வெளியே வரவில்லை. பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்து, "என்னப்பா, தூங்கிட்டாரா?" என்றான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பத்து நிமிடம். கதவைச் சாத்தினார்கள்.

பிற்பாடு மருத்துவமனை ஊழியர் சொன்னார். மாப்பிள்ளை ஆமாம் என்றும் சொல்லவில்லையாம், இல்லை என்றும் சொல்லவில்லையாம். அந்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாராம், வரவில்லையாம். நின்றுகொண்டே இருந்தாராம். மருத்துவர் கடைசியில் தலையை நிமிர்த்திப் பார்த்தாராம்.

விடுவித்தவர்களை ஊருக்குக் கொண்டுவிடும் வண்டி நான்கு மணிக்குப் போனது. அவர் அதில் இல்லை. அவருடைய பையை மட்டும் என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

மார்ச் 20, வெள்ளி

மகள் சொன்னது: "எல்லார் புருஷனும் வீட்டுக்கு வந்தாச்சு. என் புருஷனை மட்டும் நீங்க பேசிப் பேசி உள்ள தள்ளிட்டீங்க. உங்க மனுவுக்கு ஒரு சாட்சி வேணும், அதானே அப்பா?"

இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே, முழுக்க இல்லையா என்று எனக்கே சந்தேகம்.

மார்ச் 23, திங்கள்

மகள் பேசுவதில்லை. பணிமனையில் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 25, புதன்

மகள் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னாள். நான் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். தட்டைப் பார்த்தால் குமட்டுகிறதாம். பேத்தியின் முழங்கால் ஆறிவிட்டதா என்று கேட்டாராம். கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம். மோசமாகிவிட்டது என்கிறாள் மகள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லையாம்.

மார்ச் 27, வெள்ளி

மருத்துவமனையிலிருந்து கடிதம். அடுத்த புதன் குடும்பத்தார் அனைவரும் வர வேண்டும், வீட்டில் இதற்கு முன் படையில் இருந்தவர் உண்டு என்றால் அவரும். மாப்பிள்ளை என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

மகள் கடிதத்தை என் முன்னால் வைத்தாள். "வருவீங்களா? இல்ல, அங்கயும் ஒரு மனு குடுத்துட்டு வந்துடுவீங்களா?"

ஏழு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பரவாயில்லை.

மார்ச் 30, திங்கள்

இனி செய்ய வேண்டியவை:

கவுண்டர் அம்மாள்: முப்பத்திரண்டாவது மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழாவது கட்டத்தைப் படித்துவிட்டு முத்திரை குத்த வேண்டும். படிக்காமல் குத்தக் கூடாது.

படை மருத்துவர்கள்: வரிசையில் நிற்பவரிடம் புகார் உண்டா என்று கேட்பதை நிறுத்த வேண்டும். 'சுட்ட பிறகு என்ன செய்தாய்?' என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை பேனாவை மூடி வைத்திருக்க வேண்டும்.

வண்டி அனுப்புபவர்: காத்திருக்க வேண்டும்.

பணிமனை மேலாளர்: இடத்தைத் திருப்பித் தர வேண்டும். இதற்குத் தனியாக எழுதுகிறேன்.

மகள்: என் மேல் இருக்கும் கோபத்தை விட வேண்டியதில்லை. அவர் சாப்பிடவில்லை என்றால் கட்டாயப்படுத்தாமல் இருக்க வேண்டும்.

மனைவி: புதன்கிழமை மருத்துவர் கேட்டால், தன் முன்பல் எப்படிப் போனது என்று உள்ளபடி சொல்ல வேண்டும். குளியலறையில் வழுக்கி விழவில்லை. கல்யாணமான இரண்டாவது மாதம், எழுப்புவதற்காக என் காலைத் தொட்டாள். மகள் அப்போது அறையில் இருப்பாள். இருக்கட்டும்.

நான்: வெளியே பெஞ்சில் உட்காரக் கூடாது. உள்ளே போக வேண்டும். சட்டம் பேசக் கூடாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.