எந்த நாட்டு ராணி

ஜூன் 3

அன்பு மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. இக்கடிதத்தில் வரப்போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று, ஆயுள் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்த என் இரு கைகளின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். நீயும் நம்பிவிடாதே. நம்பினால் என் மரியாதை போய்விடும்.

உன் மாமனை நீதிமன்றம் தேடுகிறது. கொலை செய்திருந்தால்கூட இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். யானை சுமக்க வேண்டிய கனத்தில் ஒரு காகிதக் கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால், என் அண்ணன் மகன், அதாவது உன் அத்தான், நம் சட்டாம்பிள்ளை, மனுப் போட்டிருக்கிறான். எனக்கு மறதி நோயாம். என் காரியத்தை நானே முடிவு செய்யும் மனநிலை எனக்கு இல்லையாம். ஆகவே இந்த வீடு, நான், என் பல்செட் உட்பட சகலமும் அவன் பொறுப்பில் வர வேண்டுமாம். என்னை முதியோர் இல்லத்தில் சேர்க்க அனுமதியும் வேண்டுமாம்.

ஆதாரம் என்ன தெரியுமா? குழாயை மூட மறந்தேன். வீடெல்லாம் தண்ணீர், கீழ் வீட்டுக் கூரை ஒழுகிவிட்டது. அந்த மனிதர் படியேறி வந்தபோது, "கடல் என்னைப் பார்க்க வந்திருந்தது சார், காபி குடிச்சிட்டு இப்பத்தான் கிளம்புச்சு" என்றேன். அவர் அதை வார்த்தை பிசகாமல் வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டார். இன்னொன்று, மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நான், நான்காம் மாடி வீட்டுக் கதவில் என் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேனாம். அந்த வீட்டம்மா திறந்து, "என்ன சார் வேணும்?" என்றார். "உங்க பூட்டைப் பரிசோதிச்சேன்மா. என் சாவிக்கே அசையல, நல்ல பூட்டு" என்றேன். இதற்கு அவர் எனக்குப் பாராட்டுப் பத்திரம் அல்லவா வாசித்திருக்க வேண்டும்?

ஒரு மனநல மருத்துவரை அனுப்பி என் மூளையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறது நீதிமன்றம். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. விளக்கை அணைக்காமல் தூங்குகிறேன், அவ்வளவுதான். அதுவும் மின்சாரத் துறை பிழைக்கட்டுமே என்றுதான்.

இப்படிக்கு,
பாதி உலகத்தை மேலே தூக்கிவிட்ட
உன் மாமன்

ஜூன் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே பிரித்தேன். முடிக்கும்போது சிரிப்பு போயிருந்தது. அன்றைக்கே ஒரு வக்கீலைப் பிடித்துக் கேட்டேன். "தேதி மறந்துட்டார்ங்கிறதுக்காக ஒருத்தரைத் தகுதியில்லாதவர்னு சொல்லிட முடியாதும்மா. விஷயம் புரியுதா, புரிஞ்சதை மனசுல வெச்சுக்க முடியுதா, நல்லது கெட்டதை எடை போட முடியுதா, முடிவை எடுத்துச் சொல்ல முடியுதா. டாக்டர் பார்க்கிறது இந்த நாலுதான்" என்றார்.

அதனால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் மாமா, டாக்டரிடம் கதை விடாதீர்கள். நடக்காததை நடந்ததாகச் சொல்வதும் இந்த நோயில் உண்டாம். உங்கள் விளையாட்டு எனக்குத்தானே தெரியும்? மூட்டை மூட்டையாகப் பொய், நடுவில் ஒரே ஒரு நிஜம். கண்டுபிடிப்பவளுக்கு லிஃப்டில் ஒரு சவாரி. லிஃப்ட் மொட்டைமாடியைப் பிய்த்துக்கொண்டு மேகத்தில் போய் மாட்டியது, உள்ளே ஒரு மணப்பெண், அவள் ஒட்டியாணத்தைக் கழற்றித்தான் கம்பியை இழுத்துக் கட்டினேன் என்றெல்லாம் அளந்தீர்களே. நீங்கள் சரிசெய்து முடிப்பதற்குள் அந்தப் பெண் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள் என்பது மட்டும் நிஜம். நான்தான் கண்டுபிடித்தேன். அந்த டாக்டருக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள் இதையெல்லாம்?

அத்தானிடமும் பேசினேன். "சமையல் கேஸைத் திறந்துவிட்டுட்டு உட்கார்ந்திருந்தார். நான் அன்னைக்குப் போகலைன்னா? நீ வந்து பதில் சொல்வியா?" என்று கத்தினார். கத்தலுக்கு அடியில் அழுகைதான் கேட்டது.

ஒன்று மட்டும் நேராகச் சொல்லுங்கள். நான்காம் மாடியில் நிஜமாகவே பூட்டைத்தான் பரிசோதித்தீர்களா?

உங்கள் அன்பு
மருமகள்

ஜூன் 17

அன்பு மருமகளுக்கு,

மருத்துவர் வந்தார், கண்டார், எழுதினார். சின்னப் பெண். என் மூக்குக்கண்ணாடிக்கு அவரைவிட வயது அதிகம். உட்கார்ந்ததுமே, "நீங்க சொல்றதை நான் ரகசியமா வெச்சுக்க முடியாது. கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கணும். சம்மதமா?" என்றார். "சம்மதம். ராணுவ ரகசியம் ஏதாவது வந்தா மட்டும் காதைப் பொத்திக்குங்க" என்றேன். சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களுக்குத் தனியாகச் சம்பளம் போடுவார்கள் போல.

ஐந்து வார்த்தை சொன்னார். ஞாபகம் வைத்துக்கொண்டு பிறகு திருப்பிச் சொல்ல வேண்டுமாம். நடுவில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எந்த மளிகைக் கடையில் அப்படிக் கழிக்கிறார்கள்? கழித்து முடித்ததும், "அந்த அஞ்சு வார்த்தை?" என்றார். "சாவி" என்றேன். "மத்ததெல்லாம் அந்த யானையோட ஓடிப்போச்சு டாக்டரம்மா" என்றேன். "யானையும் அதுல ஒண்ணுதான் சார்" என்றார். பார்த்தாயா, எனக்கே தெரியாமல் ஒரு மதிப்பெண்.

கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அற்புதமாக வந்தது. எண்களெல்லாம் வலப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. இடப்பக்கம் காலி. "அந்தப் பக்கம் இன்னைக்கு லீவு" என்றேன். அவர் போன பிறகு மறுபடி வரைந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்தே வரைந்தேன். அப்போதும் வலப்பக்கமே சாய்ந்தன. மேஜை மட்டம் சரியில்லை.

பிறகு வீட்டுப் பேச்சு. "இங்கேயே தனியா இருந்தா என்ன ஆபத்துன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். "தண்ணி, கேஸ், படிக்கட்டு. விழுந்தா பார்க்க ஆளில்லை. இல்லத்துக்குப் போனா விழ மாட்டேன். ஆனா அங்க எழுந்து நிக்க எனக்கு ஒரு காரணமும் இருக்காது" என்றேன். இதை மட்டும் வெகு நேரம் எழுதினார்.

உன் பேச்சைக் கேட்காமல் மேகத்து லிஃப்ட் கதையை அவரிடமும் அளந்துவிட்டேன். போகிறபோது, "நீங்க சொன்ன கதையில எது நடந்தது, எது நடக்காததுன்னு உங்களுக்குப் பிரிச்சுச் சொல்ல முடியுமா?" என்றார். "என் மருமகளைக் கேளுங்க, அவளுக்குத்தான் அத்துப்படி" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கூப்பிடுவார். வந்துவிட்டுப் போ.

பூட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல பூட்டு.

இப்படிக்கு,
உன் மாமன்

ஜூன் 25

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமையை நினைத்து ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். சங்கிலி போட்டபடி கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "எந்த நாட்டு ராணி? அறிவிப்பே இல்லாம அரண்மனைக்கு வந்திருக்கீங்க?" என்றீர்களே, எனக்கு அங்கேயே பாதி பயம் போய்விட்டது. எங்கள் மாமா அப்படியேதான் இருக்கிறார் என்று தோன்றியது.

டாக்டர் என்னிடம் வெகு நேரம் பேசினார். மணப்பெண் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "இவ்வளவு எதுக்கு? இன்னைக்குக் கதவைத் திறந்ததும் என்னையே ராணின்னார். அவர் பேச்சே அப்படித்தான்" என்றேன். "அது விளையாட்டுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "எனக்குத் தெரியும்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி என்னையே பார்த்தார்.

ஜூலை பத்தாம் தேதி நீதிமன்றத்தில் சத்தியம் செய்து இதையேதான் சொல்லப் போகிறேன். அவர் புனைவது விளையாட்டுக்கு, நோயால் இல்லை, எங்களை அடையாளம் தெரிகிறது, தன் முடிவைத் தானே எடுக்க முடியும் என்று. வக்கீல் என் வார்த்தை ரொம்ப முக்கியம் என்கிறார். நீங்கள் தைரியமாக இருங்கள்.

ஒரு குறை. அத்தான் சின்ன வயதில் லிஃப்ட் குழிக்குள் விழுந்ததாகவும், அடியில் முதலை கிடந்ததாகவும், நீங்கள் மீசையைக் கயிறாக விட்டுத் தூக்கியதாகவும் ஞாயிறன்று சொன்னீர்களே. அதில் எது நிஜம்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. எனக்கு இதுதான் முதல் தோல்வி.

உங்கள் அன்பு
மருமகள்

ஜூலை 1

அன்பு மருமகளுக்கு,

சாம்ராஜ்யத்தின் ரகசியத்தைக் கேட்டிருக்கிறாய். தருகிறேன்.

முதலை பொய். சட்டாம்பிள்ளை எந்தக் குழியிலும் விழவில்லை. எனக்கு மீசையே இருந்ததில்லை. நேற்று அவன் வந்தான். கேஸ் கசிந்தால் தானே அடைத்துக்கொள்ளும் சாதனம் ஒன்றை மாட்டினான், என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். வழக்குப் போட்டவன்தான், ஆனாலும் நல்ல பயல். அவனைத் திட்டாதே.

பூட்டுக் கதைக்கும் பதில் தருகிறேன். அதற்குப் பிறகும் சில தடவை நான்காம் மாடிக்குப் போய் நின்றிருக்கிறேன். மூன்றை அழுத்தினால் நான்கில் விடுகிறது, லிஃப்டில்தான் கோளாறு என்று கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் முழுக்கச் சோதித்தேன். பட்டன், ரிலே, கதவு எல்லாவற்றையும். லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை மருமகளே. அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

வக்கீல் சொன்ன நாலையும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இப்போது புரிகிறது, இப்போது மனதில் நிற்கிறது, எடை போடவும் முடிகிறது. ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முடிகிற வரை நான் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். முடியாமல் போகும் நாள் வரும். அன்றைக்கு என்னைப் பற்றி முடிவெடுப்பது நீயாக இருக்க வேண்டும். கேஸையும் குழாயையும் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். இதை நீதிபதியிடம் சொல். தெளிவாக இருந்த ஒரு நாளில் இவர் இப்படிச் சொன்னார் என்று சொல். கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம்.

மற்றதைச் சத்தியம் செய்து சொல்லாதே. பொய் என் தொழில். அதற்காக நீ கூண்டேற வேண்டாம்.

நீ முதலைக்கும் மீசைக்கும் நடுவே தேடியிருக்கிறாய். நிஜம் அதற்கு முன்பே வந்து போய்விட்டது. கதவைத் திறந்தேன். ஒரு பெண், கையில் பை, நல்ல முகம். யாரென்று தெரியவில்லை. எங்கெங்கோ தேடினேன், கிடைக்கவில்லை. ராணி என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கொஞ்சம் அவகாசம் கிடைக்கும் என்று கேட்டுவைத்தேன். நீ சிரித்தாய். அப்படியே உன் அம்மாவின் சிரிப்பு, என் தங்கையின் சிரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டுதான் உன்னிடம் வந்து சேர்ந்தேன்.

ராணிக்கும் உன் சிரிப்புக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.

உன் மாமன்